காரல் என்று ஒரு வரி

பட்டியலில் 14ஆவது வரி காரல். எத்தனை இனம் என்ற கட்டத்தில் 1 என்று இருக்கிறது. என் கையெழுத்துதான்.

காரைக்குடிச் சந்தைக்கு வரும் கடல்மீன்களைக் கணக்கெடுக்கும் தற்காலிக வேலை. பெயர், எடை, விலை, எந்தக் கடல். தொண்டியிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் ஓராவும் சூடையும் பாக் விரிகுடா. களவா, கிளிமீன் என்றால் மண்டபத்துக்குத் தெற்கே, 21 தீவுகளும் பவளப்பாறையுமாக இருக்கிற மன்னார் வளைகுடாவாகவும் இருக்கலாம். கேட்டுத்தான் எழுத வேண்டும். அதையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதியவன்தான் நான். சறுக்கியது, யாரும் திரும்பிப் பார்க்காத காரலில்.

“எல்லாம் காரல்தானே அக்கா?”

“காரல்தான் தம்பி.”

1 என்று போட்டுவிட்டு அடுத்த கூடைக்கு நகர்ந்தேன். என்ன நினைத்தாரோ, அந்த அக்கா ஒரு மீனை எடுத்து, வழவழப்பைச் சேலையில் துடைத்து, நகத்தால் வாயைப் பிடித்து இழுத்தார். சின்னக் குழாய் மாதிரி வாய் மேல் நோக்கி நீண்டது. இன்னொன்றை எடுத்தார், அதன் வாய் கீழ்ப்பக்கம் நீண்டது. மூன்றாவதின் வாய் நேராக முன்னால் வந்தது, உள்ளே ஊசி போலப் பல்.

“இது மேல பாத்துத் திங்கும். இது சேத்துல மேயும். இது சின்ன மீனக் கடிக்கும்.” மூன்றுக்கும் மூன்று பெயர் சொன்னார்.

“காரல்தான்னு சொன்னீங்களே?”

“நீ விலைக்குத்தானே கேட்ட?”

அவ்வளவுதான் நடந்தது. நான் அந்த 1ஐ அடிக்கவில்லை. பெயர்களையும் எழுதிக்கொள்ளவில்லை.

ஏன் அடிக்கவில்லை? படிவத்தில் காரலுக்கு ஒரு வரிதான் இருந்தது. வெயில் ஏறிவிட்டது, ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. அந்த அக்காவே மூன்றையும் ஒரே கூறாகப் போட்டு ஒரே விலைக்குத்தான் விற்றார். வாங்குகிறவர்களும் குழம்புக்கு என்றுதான் கேட்கிறார்கள், வாயை இழுத்துப் பார்த்து வாங்குவதில்லை. சந்தைக் கணக்கு சந்தைப் பெயரில் இருப்பது தப்பா? இப்படி நியாயம் சொல்லிப் பார்க்கிறேன், பாதி நேரம் எனக்கே சரியென்று படுகிறது.

மீதி நேரம் வேறு மாதிரி. நான் நிரப்ப வேண்டிய கேள்வியே எந்த மீன் எங்கே வாழ்கிறது என்பதுதான். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். பெரும்பாலும் 15 மீட்டருக்குள், அடியில் சேறும் கடற்புல்லும். அந்தக் கொஞ்ச ஆழத்துக்குள் மூன்று காரலும் இரையைப் பங்கு போட்டுக்கொண்டு வாழ்கின்றன. இனங்களைப் பிரிக்கிற புத்தகங்களிலும் வாய் நீளும் திசையும் பல்லும்தான் முதல் அடையாளம் என்று பிறகு படித்தேன். ஆக, பதிலை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டியிருக்கிறார். நான் கடலின் பெயரை மட்டும் எழுதினேன்.

காரலுக்கு உணவுக்குழாயைச் சுற்றி ஒளிவிடும் பாக்டீரியா குடியிருக்கிறது என்பதும் அப்புறம் படித்ததுதான். இருட்டில் மினுங்கும் மீன். நம் ஊரில் அதற்கு மலிவு மீன் என்று பெயர். இழுவை மடியில் கூடை கூடையாக விழுகிற மீனுக்கு யார் மூன்று பெயர் வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். வைத்திருந்தவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.

சாரிடம் சொல்லியிருக்கலாம். “காரலில் எத்தனை?” என்று ஒருமுறை கேட்கவும் செய்தார். “ஒன்றுதான் சார்” என்றேன். பயமா, சோம்பலா என்று இன்றுவரை தெரியவில்லை. மாற்றினால் முந்தைய வாரங்களின் தாள்களையும் சந்தேகப்பட வேண்டியிருக்கும். அந்தக் கணக்கு மனதுக்குள் ஓடியது மட்டும் நினைவிருக்கிறது.

ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, 61 நாளும் விசைப்படகு மீன் இல்லை. வேலையும் அதற்குள் முடிந்துவிட்டது. ஜூன் கடைசியில், பெயர்களையாவது கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு நோட்டோடு போனேன். அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார், என்னை அடையாளம் தெரியவில்லை.

“அக்கா, இது என்ன மீன்?”

“காரல் தம்பி. அரைக் கிலோ போடவா?”

வாங்கிக்கொண்டு வந்தேன்.