கோடையில் பாதை, மழையில் ஓடை

சேலம் அஸ்தம்பட்டி கோர்ட்டில் ஜூனியராக இருந்த மூன்றாம் வருடம், ஏற்காட்டுக் காப்பித் தோட்ட வழக்கு ஒன்றில் என்னை அட்வகேட் கமிஷனராக, அதாவது கோர்ட்டுக்காக இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தரும் வக்கீலாகப் போட்டார்கள். ஒரே இடத்தை வாதி நடைபாதை என்கிறார், பிரதிவாதி தண்ணீர் போகும் ஓடை என்கிறார். சித்திரை வெயிலில் சர்வேயரோடு 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிப் போனேன். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே 6 அடி அகலத்தில் காய்ந்த சருகு, அதன்மேல் கால்தடம். அங்கே களை பறித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, “மழைக்கு வந்து பாருங்க சார், அப்பத் தெரியும்” என்றார். அவர் சாட்சி இல்லையே என்று அதை எழுதவில்லை. ‘நடைபாதை உள்ளது’ என்று அறிக்கை கொடுத்துவிட்டேன்.

எதிர்த்தரப்பு ஆட்சேபணை போட்டது. சீனியர் திட்டவில்லை. மறுவாரம் ஒரு கேஸ் கட்டோடு ஹைகோர்ட்டுக்குக் கூட்டிப் போனவர், முத்துசாமி ஐயர் சிலை முன்னால் நிறுத்தினார். தலைப்பாகை, வேட்டி, செருப்பில்லாத கால். 1878இல் சென்னை ஹைகோர்ட் நீதிபதி ஆசனத்தில் அமர்ந்த முதல் இந்தியர். “சின்ன வயசில் கிராமக் கணக்கர்கிட்ட மாசம் 1 ரூபாய்க்கு வேலை பார்த்தவர்யா. நிலம்னா அவருக்கு வெறும் சர்வே நம்பர் இல்லை” என்றார். அவ்வளவுதான் பாடம்.

அதற்கப்புறம் தீர்ப்புகளைப் படிக்கும்போது, நீதிபதி நேரில் போயிருக்கிறாரா என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. எங்கள் பக்கத்து மாவட்டம் தர்மபுரியில், வாச்சாத்தி மலைவாழ் மக்கள் மீது 1992 ஜூனில் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் நடத்திய கொடுமை எல்லாருக்கும் தெரியும். 269 பேர் மீது வழக்கு. 2011இல் தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துவிட, மீதி 215 பேருக்கும் தண்டனை. அப்பீலை விசாரித்த ஹைகோர்ட் நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் அந்த ஊருக்கே போனார். 31 வருடம் கழித்துப் போய் என்ன தடயம் பார்ப்பது என்று எங்கள் பார் ரூமில் ஒருவர் கேட்டார். தடயம் இருக்காது, சரி. ஆனால் ஊருக்கும் காட்டுக்கும் எவ்வளவு தூரம் என்பது கேஸ் கட்டுக்குள் இருக்குமா? அந்த செப்டம்பரில் அப்பீல்கள் தள்ளுபடியாயின.

அதே வருடம் ஜனவரியில் நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷும் என். ஆனந்த் வெங்கடேஷும் திருச்செங்கோடு மலைக்கோயிலுக்கு வந்தார்கள். ஓமலூர் இளைஞர் கொலை வழக்கில் அந்தக் கோயில் கேமராப் பதிவு முக்கியச் சான்று. படத்தில் தெரியும் வாசலும் படியும் நிஜத்தில் எங்கே இருக்கின்றன என்று அவர்களே நடந்து பார்த்தார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 310ஆம் பிரிவு அதற்கு இடம் தந்தது. இரு தரப்புக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், கண்டதைக் குறிப்பாக எழுதிப் பதிவில் சேர்க்க வேண்டும் என்பவைதான் நிபந்தனை. பிரிவு என்னவோ பழசுதான். பயன்படுத்தியவர்கள்தான் குறைவு.

என் கதைக்கு வருகிறேன். ஐப்பசியில் மறுபடி இடத்தைப் பார்க்கும் கமிஷன் கிடைத்தது. அதே இடத்தில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே செம்மண் தண்ணீர். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு டேப்பின் ஒரு முனையில் நின்றேன். பாட்டி மழைக்குப் போர்த்திய கொங்காணிக்குள்ளிருந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை அறிக்கையின் முதல் வரியில் பார்வையிட்ட தேதியையும் மழையையும் எழுதினேன். இரண்டாவது வரியில் அவர் சித்திரையில் சொன்னதை.