உட்கருவைச் சுற்றி முளைத்த இழைகள்

எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்காக மூன்று மாதம் வேலூரில் எலியின் தசைச் செல்களோடு இருந்தேன். அவற்றில் மைக்ரோடியூபூல் என்ற நுண்ணிய புரத இழை எங்கிருந்து முளைக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

சாதாரணச் செல்லில் சென்ட்ரோசோம் என்ற ஒரே புள்ளியிலிருந்து இந்த இழைகள் கிளம்பும். தசைச் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து, பல உட்கருக்கள் உள்ள நீண்ட தசைக்குழாயாக மாறும்போது, அந்த வேலை உட்கருவின் உறைக்குப் போய்விடுகிறது. அந்த உறையின் வெளிச்சவ்வில் இருக்கும் நெஸ்பிரின்-1 ஆல்ஃபா என்ற புரதம், ஏகேஏபி450 என்ற ஸ்கேஃபோல்ட் புரதத்தைப் பிடித்துவைக்கிறது. ஏகேஏபி தானே இழையாவதில்லை. காட்பாடிப் பக்கம் வீடு கட்டும்போது சவுக்குக் கம்பில் சாரம் கட்டுவார்களே, அதுபோல இழையைத் தொடங்கிவைக்கும் புரதங்கள் வந்து நிற்க இடம் தருகிறது.

சோதனை இதுதான்: நோகடசோல் மருந்தும் ஐஸும் வைத்து இழைகளைக் கலைத்துவிட்டு, மருந்தைக் கழுவி 37 டிகிரியில் மறுபடி முளைக்கவிட்டு, சில நிமிடத்தில் ஃபிக்ஸ் செய்ய வேண்டும், அதாவது செல்லை அதே நிலையில் நிலைநிறுத்த வேண்டும்.

முதல் இரண்டு தடவையும் மங்கலான பச்சைப் படலம், நடுநடுவே அறுந்த துண்டுகள். இழைகளைப் பச்சையாகக் காட்டும் ஆன்டிபாடியில்தான் கோளாறு என்று நினைத்து அதன் அளவை மாற்றி மாற்றி ஒரு வாரம் போனது. மூன்றாம் தடவை சீனியர் அக்கா பக்கத்தில் நின்றார்.

"பி.பி.எஸ். பாட்டிலை எங்கேயிருந்து எடுத்த?"

"ஃப்ரிட்ஜிலிருந்து அக்கா."

"குளிர்ச்சியில இழை கலையும்னு நீதானே ஐஸ்ல வைக்கிற? முளைச்சதை மறுபடி குளிர்ந்த தண்ணியில கழுவினா எப்படி நிக்கும்?"

ஃபிக்ஸ் செய்வதற்கு முன் அந்த பி.பி.எஸ். உப்புக்கரைசலில் இரண்டு முறை, அதுவும் நிதானமாகக் கழுவியிருந்தேன். வெளியே அக்னி நட்சத்திர வெயில். உள்ளே என் இழைகள் குளிரில் கலைந்துகொண்டிருந்தன. அப்புறம் அந்தக் கரைசல், ஃபிக்ஸ் செய்யும் பாராஃபார்மால்டிஹைடு இரண்டையும் 37 டிகிரி வாட்டர் பாத்தில் வைத்தே எடுத்தேன்.

நான்காம் தடவை ஒரு தசைக்குழாயில் 11 உட்கருக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்பாக, வழக்கமாகச் சென்ட்ரோசோமில் இருக்கும் பெரிசென்ட்ரின் புரதத்தின் வளையம், அதிலிருந்து வெளிநோக்கிக் குட்டையான பச்சை இழைகள். அதே ஃப்ரேமின் ஓரத்தில் இன்னும் இணையாத ஒரு செல். அதில் ஒரே ஒரு பச்சை நட்சத்திரம். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஏகேஏபி450 இல்லாவிட்டால் உறையிலிருந்து இழை முளைப்பதில்லை, உட்கருக்களும் சரியாகப் பரவி நிற்பதில்லை என்று 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. அக்கா அந்தக் கட்டுரையை அன்று மாலையே மேசையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த தட்டுக்கு இரவே செல்களைப் பிரித்துப் போட்டேன்.