ஹார்ட்டாக்கும் காபியும்: யூனியன் படை வீரரின் ஒரு நாள் ரேஷனைச் செய்து பார்த்தது

அமெரிக்க உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1861 ஏப்ரலில் சம்டர் கோட்டை தென் மாநிலங்களிடம் விழுந்ததும், யூனியன் எனப்பட்ட வட தரப்பின் அதிபர் லிங்கன் 75,000 தன்னார்வலர்களைக் கேட்டார். அப்படி வந்து சேர்ந்த வீரருக்கு அணிவகுப்பில் ஒரு நாளைக்குக் கிடைத்தவை: ஒரு பவுண்டு (சுமார் 454 கிராம்) ஹார்ட்டாக் என்ற கல் போன்ற மாவு பிஸ்கட், முக்கால் பவுண்டு உப்பிட்ட பன்றி இறைச்சி, காபி, சர்க்கரை, உப்பு. இந்த எடைகளை விடாமல் பிடித்துக்கொண்டு செய்ததில்தான் பல விஷயங்கள் பிடிபட்டன.

ஹார்ட்டாக் சுமார் 8 செ.மீ. நீளம், 7.3 செ.மீ. அகலம். பவுண்டுக்கு ஒன்பது பத்து நின்றது என்றால் ஒன்று 45 முதல் 50 கிராம். 12 மி.மீ. தடிமனில் தேய்த்தால் ஏழிலேயே பவுண்டு நிறைந்துவிடுகிறது, 9 மி.மீ. சரியாக வருகிறது.

500 கிராம் மைதா, 225 மி.லி. தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு. எண்ணெய், நெய் எதுவும் கூடாது. நாளடைவில் காறல் வாடை வந்துவிடும். மாவு பூரி மாவைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். பிசைந்து அரை மணி மூடி வைத்தால் தேய்க்கும்போது சுருங்காது. 65 கிராம் துண்டாக வெட்டி, வரிசைக்கு நான்காகப் பதினாறு துளைகள், அடிவரை. துளை பாதியில் நின்றால் நீராவி வெளியேறாமல் நடுவில் உப்பி, உள்ளே ஈரம் தங்கி, பிறகு பூசணம் பிடிக்கும். 190 டிகிரியில் பக்கத்துக்கு அரை மணி. பிறகு 110 டிகிரியில் இரண்டு மணி நேரம். அடுப்பிலேயே ஆறவிட வேண்டும். நிறத்தை நம்ப வேண்டாம், தராசை நம்புங்கள்: எடை மேலும் இறங்காமல் நின்றால் வெந்தது மட்டுமல்ல, காய்ந்தும்விட்டது.

காபிக்கணக்குதான் மிக அழகு. நூறு பேர் ரேஷனுக்கு பச்சைக் கொட்டையானால் 10 பவுண்டு, வறுத்ததானால் 8. ஆளுக்கு 45 கிராம் பச்சை, 36 கிராம் வறுத்தது. இரும்புச் சட்டியில் எண்ணெய் மினுங்கும் கரும்பழுப்பு வரை வறுத்தபோது எடை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அந்த விதியை எழுதியவர்கள் அடுப்படியை அறிந்தவர்கள்! வீரர்கள் துப்பாக்கிக் கட்டையால் வாளியில் இடித்தார்கள். உரலில் கொரகொரப்பாக இடித்தால் அதே பதம். தகரக் குவளையில் நேரே கொதிக்கவிட்டு, ஒரு கை குளிர்ந்த நீர் தெளித்தால் மண்டி அடியில் இறங்கும். சர்க்கரை ஆளுக்கு 68 கிராம். இரண்டையும் ஒரே துணிப்பையில் கலந்தே வைத்துக்கொண்டவர்கள் உண்டு.

ஹார்ட்டாக்கை அந்தச் சூடான காபியில் உடைத்துப் போட்டால் சில நிமிடத்தில் ஓரம் இளகும். பெட்டியில் கிடந்து வண்டு பிடித்ததும் இப்படித்தான் தின்னப்பட்டது. வண்டு மேலே மிதக்கும், வழித்து எறிந்துவிடுவார்கள்.

இன்னொரு வழி ஸ்கில்லிகலி. பச்சைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஈரத்தை ஒற்றி எடுத்து, பன்றிக் கொழுப்பில் இரு பக்கமும் சிவக்கப் பொரிக்க வேண்டும். ஒற்றாமல் போட்டால் கொழுப்பு தெறிக்கும். வெந்நீரில் ஊறவைத்தால் மேல்பக்கம் கூழாகி நடுப்பகுதி கல்லாகவே நிற்கும். உப்பைக் கடைசியில் பார்த்துச் சேர்க்கவும்; இறைச்சியின் உப்பே கொழுப்பில் இறங்கியிருக்கும்.