லேத்துக்கு மோட்டர் மாற்றியாச்சு

உப்புவெளி வீட்டுக் கொட்டிலில் கிடக்கிற செகண்ட் ஹேண்ட் லேத்துக்கு (இரும்பு கடையும் இயந்திரம்) ஒருவழியாக மோட்டர் மாற்றியாச்சு. பழையது த்ரீ பேஸ், காயில் கருகி, கடற்காற்றில் போல்ட்டுகள்கூடக் கழற்ற முடியாமல் துருப்பிடித்துக் கிடந்தது. "சிங்கிள் பேஸைப் பூட்டிவிடு தம்பி" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், ஆனால் அந்த மோட்டரின் மெல்லிய அதிர்வு கடைந்த இரும்பின் மேல் வரிவரியாகத் தெரியும், எனக்கு அது பிடிக்காது. அதனால் திரும்பவும் த்ரீ பேஸ்தான், 1 எச்பி, கூடவே ஒரு விஎப்டி, அதாவது மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்கருவி. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் சிங்கிள் பேஸை அது த்ரீ பேஸாக்கித் தரும், வோல்டேஜைக் கூட்டாது, ஆகவே டெர்மினல் பெட்டியைத் திறந்து ஸ்டாரில் (400 வோல்ட்டுக்கான இணைப்பு) இருந்த தகடுகளை டெல்டாவுக்கு (230 வோல்ட்டுக்கான இணைப்பு) மாற்றிப் பூட்டவேண்டும். மோட்டரின் பெயர்த்தகட்டில் 230/400 என்று இருந்தால்தான் இது சரிவரும், வாங்க முன்னமே பாருங்கள்.

உண்மையான கரைச்சல் மோட்டர் தண்டில் பூட்டும் பெல்ட் சக்கரமான புல்லிதான். பழைய தண்டு 24 மில்லி, புதியது 19. துளை சின்னதென்றால் கடைந்து பெரிதாக்கலாம், பெரிய துளையை என்ன செய்வது? உள்ளே புஷ் என்ற வளையம் போடவேண்டும், புஷ் கடைய லேத் வேண்டும், லேத்துக்கு மோட்டர் இல்லை! டவுனில் அண்ணன் ஒருவர் கடைந்து தந்தார், காசு வேண்டாமென்று ஒரு பிளேன்டீயோடு கணக்கை முடித்துவிட்டார்.

இப்போது பெல்ட்டை மாற்றாமல் நாப்பைத் திருப்பினாலே வேகம் குறைகிறது. ரிவர்ஸை மட்டும் விஎப்டி செட்டிங்கிலேயே மறித்து வைத்திருக்கிறேன், என்னுடையது மரையில் ஏற்றும் சக் (கடையும் இரும்பைப் பிடிக்கும் பகுதி), எதிர்ப்பக்கம் சுற்றினால் கழன்று காலில்தான் விழும்.