மிஸ்த்ராஸ்: ஸ்பார்ட்டாவோடு திரும்பிவிடாதீர்கள்

டாக்ஸி விஷயத்தை முதலில் கொட்டிவிடுகிறேன், இன்னும் வயிறு எரிகிறது. கிரீஸில் ஸ்பார்ட்டாவிலிருந்து மிஸ்த்ராஸ் என்ற பழைய இடிபாட்டு நகரம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். அந்த டிரைவர் மீட்டரே போடாமல் ஓட்டி, மேல்வாசலில் இறக்கிவிட்டு முப்பது யூரோ கேட்டார். எவ்வளவோ வாதாடினேன், மலையைக் கையால் காட்டிக்கொண்டே நின்றார், அசையவில்லை. இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசு அப்படியே போச்சு. வண்டியில் ஏறும் முன்பே மீட்டரைப் போடச் சொல்லிவிடுங்கள்.

ஆனால் வாசலைத் தாண்டியதும் கோபமெல்லாம் பறந்துவிட்டது. டேய்கெட்டோஸ் மலைச்சரிவு முழுக்க ஒரு நகரமே இடிந்து கிடக்கிறது! உச்சியில் இருக்கும் கோட்டை கிரேக்கர்கள் கட்டியதே இல்லை. 1249-ல் வில்லார்துவான் வம்சத்து பிரெஞ்சு இளவரசர் வில்லியம் கட்டியது. 1259-ல் பெலகோனியா போரில் பைசாந்தியப் (கிழக்கு ரோமானியப் பேரரசின்) படையிடம் சிக்கிய அவர், விடுதலைக்கு விலையாக மிஸ்த்ராஸையும் வேறு கோட்டைகளையும் பேரரசர் எட்டாம் மிகைல் பாலையோலோகோஸிடம் கொடுத்தார். பின்னாளில் பேரரசர்களின் மகன்களும் தம்பிகளும் 'டெஸ்போட்' என்ற ஆட்சியாளர் பட்டத்தோடு இங்கிருந்து மொரேயாவை, அதாவது கிரீஸின் தெற்குத் தீபகற்பமான பெலோபொனீஸை, ஆண்டார்கள்.

நான் அதிக நேரம் நின்றது புனித தெமெத்ரியோஸ் பேராலயத்தில். தரையில் ஒரு பளிங்குக் கல், அதில் இரட்டைத்தலைக் கழுகு. காலடி பட்டுப் பட்டு இறகுகளின் வரிகள் மழுங்கியிருக்கின்றன. 1449 ஜனவரி 6 அன்று பைசாந்தியத்தின் கடைசிப் பேரரசர் பதினொன்றாம் கான்ஸ்டன்டைன் முடிசூடியது இந்தக் கல்லின் மேல்தான் என்று சொல்கிறார்கள். நான்கு வருஷம் கழித்து, 1453 மே 29-ல் தலைநகர் கான்ஸ்டான்டினோபிள் துருக்கியரிடம் விழுந்தபோது அவரும் போரிலேயே மடிந்தார்.

அவருடைய தம்பிகளை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. தலைநகரே போன பிறகும் தெமெத்ரியோஸும் தோமாஸும் மொரேயாவுக்காக ஒருவரோடு ஒருவர் அடித்துக்கொண்டார்கள். துருக்கிய சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் 1460-ல் வந்து நின்றபோது தெமெத்ரியோஸ் சண்டையே போடாமல் மிஸ்த்ராஸைக் கொடுத்துவிட்டார். தோமாஸ் இயேசுவின் சீடர் புனித அந்திரேயாவின் தலை எலும்போடு இத்தாலிக்கு ஓடினார். அவர் மகள் ஸோயிதான் 1472-ல் மாஸ்கோவின் மூன்றாம் இவானுக்கு வாழ்க்கைப்பட்ட சோபியா. சொத்துக்காகக் கோர்ட் ஏறும் பங்காளிகள் மாதிரியே ஒரு வம்சம் அழிந்திருக்கிறது.

பெரிப்லெப்தோஸ் தேவாலயத்தின் சுவரோவியங்களைத் தவறவிடாதீர்கள். பாறையை ஒட்டிக் கட்டிய சின்ன இடம், நிமிர்ந்து பார்க்கப் பார்க்கக் கழுத்து வலிக்கும், ஆனாலும் வெளியே வர மனசு வராது. பந்தனாஸா மடத்தில் இன்னும் கன்னியாஸ்திரிகள் வாழ்கிறார்கள், அங்கே சத்தமாகப் பேசாதீர்கள்.

கீழே கிராமத்தில் ஒரு சின்னக் கடையில் ஆரஞ்சுத் தோல் போட்ட சாசேஜ், வெள்ளைப் பீன்ஸ் சூப், ரொட்டி. டாக்ஸிக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை! முதல் வாய் வைத்ததும் இன்னொரு தட்டு சொல்லிவிட்டேன். அந்தச் சாசேஜுக்காகவே மறுபடி போகலாம்.

ஸ்பார்ட்டாவில் பழைய ராஜா லியோனிதாஸ் சிலையோடு செல்ஃபி எடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறுகிறவர்களைப் பார்த்தால் ஆத்திரமாக வருகிறது. பழைய ஸ்பார்ட்டாவில் மிச்சம் கொஞ்சம்தான், இங்கே ஒரு முழு ராஜ்ஜியமே கிடக்கிறது. காலையிலேயே போங்கள், தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், மேல்வாசலில் தொடங்கி இறங்கியபடியே பாருங்கள். கல் படிகள் வழுக்கும், செருப்பு வேண்டவே வேண்டாம்.