விண்ணப்பப் படிவத்தில் இடைவெளியை யார் போடுவது?

கல்வி உதவித்தொகைக்கான ஓர் இணைய விண்ணப்பப் படிவத்தைத் திருத்தி எழுதும் வேலை எனக்கு வந்தது. பழைய படிவத்தில் ஒவ்வொரு பெட்டிக்குக் கீழேயும் சிவப்பில் ஒரு கட்டளை: இடைவெளி கூடாது, கோடு கூடாது, பெரிய எழுத்து மட்டும். மொபைலில் நிரப்பிய மாணவர்கள் பலர் இந்த இடங்களில்தான் நின்றுபோனார்கள். இடைவெளியை எடுப்பதும் சேர்ப்பதும் நிரலுக்கு ஒரு நொடி வேலை. அதை விண்ணப்பிக்கிறவர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

முதலில் ஆதார் எண். அட்டையில் 12 இலக்கமும் நான்கு நான்காகத்தான் அச்சாகியிருக்கிறது. பெட்டியிலும் அப்படியே பிரிந்து தெரிந்தால் அட்டையைப் பக்கத்தில் வைத்துக் கண்ணாலேயே ஒப்பிட்டுவிடலாம். அதனால் தட்டத் தட்ட இடைவெளி தானாக விழும்படி வைத்தேன். ஆதாரின் கடைசி இலக்கம், முந்தைய இலக்கங்களிலிருந்து வெர்ஹாஃப் என்ற கணக்கு முறையில் வரும் சரிபார்ப்பு இலக்கம். ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும், 12-ஆவதைத் தட்டியதுமே தெரிந்துவிடும். கடைசிப் பக்கம் வரை போய்த் திரும்பி வர வேண்டாம்.

அதிகம் படுத்தியது கர்சர்தான். நடுவில் ஓர் இலக்கத்தைத் திருத்தினால், நிரல் முழு எண்ணையும் திரும்ப எழுதுகிறது, கர்சர் கடைசிக்கு ஓடிவிடுகிறது. அடுத்த இலக்கம் தப்பான இடத்தில் போய் விழும். இதற்குத் தீர்வு, கர்சருக்கு இடப்பக்கம் எத்தனை இலக்கம் இருந்தது என்று எண்ணி வைத்துக்கொண்டு, எழுதி முடித்ததும் அத்தனை இலக்கத்துக்குப் பின்னால் கர்சரை நிறுத்துவது. அப்புறம் பேக்ஸ்பேஸ்: அது இடைவெளியை அழிக்கும், நிரல் உடனே திரும்பப் போடும், பயனர் அங்கேயே மாட்டிக்கொள்வார். இடைவெளியை அழித்தால் அதற்கு முந்தைய இலக்கமும் சேர்ந்து போகும்படி மாற்றியதும் சரியானது.

மொபைல் எண் பெட்டியில் பத்து எழுத்து வரம்பு இருந்தது. தொடர்புப் பட்டியலிலிருந்து எண்ணை ஒட்டினால் +91, ஓர் இடைவெளி, ஐந்து இலக்கம், இன்னோர் இடைவெளி என்று பத்தும் அங்கேயே தீர்ந்துவிடும், மீதி எண் வெட்டுப்படும். வரம்பை எடுத்துவிட்டு, ஒட்டியதைச் சுத்தம் செய்த பிறகு இலக்கங்களை எண்ணச் சொன்னேன். பெட்டியின் வகையையும் ‘நம்பர்’ என்பதிலிருந்து ‘டெக்ஸ்ட்’ ஆக்கி, எண் விசைப்பலகை வர ‘இன்புட்மோட்’ மட்டும் கொடுத்தேன். ‘நம்பர்’ பெட்டி ‘இ’ என்ற ஆங்கில எழுத்தை ஏற்கும், இடைவெளியை ஏற்காது. எண் என்பதற்காகவே எல்லாம் கணக்குப் போடுவதற்கான எண் ஆகிவிடாது.

வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அங்கே ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தைத் தட்டினால் நிரலே பூஜ்யமாக மாற்றிவிடும், சிறிய எழுத்துகளைப் பெரிதாக்கியும்விடும். குடும்ப ஆண்டு வருமானத்துக்கு 1,50,000 என்று நம் வழக்கப்படி காற்புள்ளி விழும். கீழே ‘ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் ரூபாய்’ என்று எழுத்திலும் காட்டினேன். ஒரு சைபர் கூடினால் உதவித்தொகையே கைவிட்டுப் போய்விடுமே.

பெயர்ப் பெட்டியில் மட்டும் எந்த வடிவமைப்பும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். ‘எழுத்துகள் மட்டும்’ என்ற பழைய விதி தமிழ்ப் பெயர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் புள்ளியும் கால், கொம்பு போன்ற உயிர்க்குறிகளும் எழுத்து வகையில் இல்லை, தனியே குறிகள் வகையில் இருக்கின்றன. ‘கவிதா’வில் ‘வி’யின் இகரக் குறியும் ‘தா’வின் காலும் தடைபட்டுவிடும். குறிகளையும், தலைப்பெழுத்துக்குப் பின் வரும் புள்ளியையும் அனுமதித்தேன். தமிழில் தட்டும்போது எழுத்து முழுதாகச் சேர்வதற்குள் நிரல் குறுக்கிட்டால் எழுத்துகள் சிதறும். அதனால் முன்பின் ஒட்டியிருக்கும் வெற்றிடத்தை நீக்குவதுகூட பயனர் அடுத்த பெட்டிக்குப் போன பிறகுதான். பழைய மொபைல்களில் இந்த நிரல் ஏறாமல் போனாலும் விண்ணப்பம் நிற்கக் கூடாது என்பதால், இதே சுத்தம் செய்யும் விதிகளை சர்வரிலும் ஒருமுறை எழுதி வைத்திருக்கிறேன்.