24 பெட்டி, ஒரே அடையாள எண்: ஏற்காடு குறிப்புகள்

ஜூன் 3, செவ்வாய்

காலை ஏழு மணிக்கே சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து வண்டியை எடுத்துவிட்டேன். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் சட்டை முழுக்க ஈரம், எதிரே வரும் பஸ்ஸில் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. மேலே ஒரு பள்ளியில் போன மாதம் நாங்கள் அமைத்துக் கொடுத்த 24 மினி கம்ப்யூட்டர்களில் நெட் வருவதும் போவதுமாக இருக்கிறது என்று டீச்சர் போன் செய்திருந்தார்.

போய்ப் பார்த்தால் முதல் பெட்டியை மட்டும் போடும்போது எல்லாம் சரியாக ஓடுகிறது. இரண்டாவதைப் போட்ட கொஞ்ச நேரத்தில் முதலாவது தடுமாறுகிறது, மூன்றாவதைப் போட்டால் முதல் இரண்டும் திணறுகின்றன. கேபிளை மாற்றினேன், ஸ்விட்ச்சை மாற்றினேன், மலை ஈரத்தில் கேபிள் முனை பச்சை பிடித்திருக்குமோ என்று நாலைந்து முனைகளை வெட்டிப் புதிதாகவும் போட்டேன். மதியம் வரைக்கும் இதிலேயே போய்விட்டது.

அப்புறம்தான் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து, எந்தக் கம்ப்யூட்டருக்கு எந்த ஐபி (நெட்வொர்க்கில் அதன் முகவரி) கொடுத்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்தேன். 24 பெட்டி ஓடுகிற அறையில் பட்டியலில் இருந்தது ஒரே ஒரு வரி. ஒவ்வொரு பெட்டியாக அணைத்துப் போடப் போட, ஐபி அப்படியே இருக்க, அந்த வரியில் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டுக்கே உரிய எண்) மட்டும் மாறிக்கொண்டே வந்தது. ரவுட்டரைப் பொறுத்தவரை இங்கே இருப்பது ஒரே கம்ப்யூட்டர்.

ஜூன் 4, புதன்

பிடிபட்டுவிட்டது. இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்ததற்குப் பலன்.

லினக்ஸில் சிஸ்டம்டி (பூட் ஆகும்போது சேவைகளைத் தொடங்கி வைக்கும் மென்பொருள்) இருக்கும் எல்லா நிறுவலுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. இடிசி அடைவில் (அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டர்) மெஷின்-ஐடி என்ற கோப்பில் ஒரே ஒரு வரி, 0 முதல் 9, ஏ முதல் எஃப் வரை மட்டும் வரும் 32 எழுத்து, அதாவது 128 பிட். நிறுவும்போதோ முதல் பூட்டிலோ ஒருமுறை உருவாகி, அந்த நிறுவல் இருக்கும் வரை மாறாமல் இருக்க வேண்டியது. நாங்கள் கடையில் ஒரு பெட்டியில் உபுண்டு சர்வரை (லினக்ஸின் ஒரு வகை) நிறுவி, மேலே லேசான திரைச்சூழலைப் போட்டு, எல்லாம் சரிபார்த்து அதை அப்படியே இமேஜ் (முழு டிஸ்க்கின் நகல்) எடுத்து பள்ளியின் 24 பெட்டிகளிலும் இறக்கினோம். நேரம் மிச்சமானது, ஆனால் அந்த எண்ணும் சேர்ந்தே போயிருக்கிறது.

உறுதி செய்ய டீச்சருக்கு போன் செய்தேன். ஜன்னலோரம் இருக்கும் பெட்டியில் அந்தக் கோப்பைத் திறக்கச் சொன்னேன். "கடைசி ஆறு எழுத்தைப் படிங்க டீச்சர்." அவர் நிறுத்தி நிறுத்திப் படித்தார்: ஏழு, சி, மூணு, மூணு, எஃப், பூஜ்யம். கரும்பலகைக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்குப் போகச் சொன்னேன். செருப்புச் சத்தம், நாற்காலி இழுக்கும் சத்தம், பிறகு மறுபடி: ஏழு, சி, மூணு, மூணு, எஃப், பூஜ்யம். "சார், அதையேதான் படிக்கிறேனா?" என்றார். கடையில் என் முன்னால் இருந்த மூலப் பெட்டியிலும் அதே ஆறு எழுத்துதான்.

ரவுட்டருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், உபுண்டு சர்வரில் நெட்வொர்க்கைக் கவனிக்கும் நெட்வொர்க்டி, ஐபி கேட்கும்போது மேக் முகவரியைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்துவதில்லை. மெஷின்-ஐடியிலிருந்து வருவித்த ஓர் அடையாளத்தைச் சொல்கிறது. 24 பேரும் ஒரே அடையாளத்தைச் சொன்னால் ரவுட்டர் ஒரே ஐபியைத்தான் கொடுக்கும், அதன் மேல் தப்பே இல்லை. நெட்பிளான் என்ற நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் மேக்கையே அடையாளமாக வைத்துக்கொள் என்று ஒரு வரி சேர்த்தால் இந்தத் தொல்லை நின்றுவிடும். நாளைக்கே வகுப்பு நடந்தாக வேண்டும் என்றால் அதைப் போடலாம், தப்பில்லை. ஆனால் அப்போதும் 24 நிறுவல்களும் ஒரே எண்ணோடுதான் இருக்கும், அடுத்து வேறொரு இடத்தில் இடிக்கும். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

ஜூன் 6, வெள்ளி

இன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதில் மாட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

இந்த எண்ணைப் புதிதாக உருவாக்க ஒரு கமாண்ட் இருக்கிறது: சிஸ்டம்டி-மெஷின்-ஐடி-செட்டப். பழைய கோப்பை அழித்துவிட்டு இதை ஓட்டினால் புது எண் வரும் என்று எண்ணி, கடையில் இருந்த மூலப் பெட்டியில் அழித்தேன், ஓட்டினேன், கோப்பைத் திறந்தேன். ஏழு, சி, மூணு, மூணு, எஃப், பூஜ்யம். மறுபடி அழித்தேன், மறுபடி அதே எண். கடைத் தம்பி, "அண்ணா, டிஸ்க்கில எழுதவே இல்லையோ?" என்றான். கோப்பு எழுதிய நேரத்தைப் பார்த்தோம், அந்த நிமிடம் எழுதியதுதான்.

விடை திரையிலேயே இருந்தது, நான்தான் படிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன். டி-பஸ்ஸின் (மென்பொருள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள உதவும் சேவை) எண்ணிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறேன் என்று கமாண்ட் ஒரு வரி எழுதிக் காட்டுகிறது. சிஸ்டம்டிக்கு முன்பே டி-பஸ் தனக்கென்று இதே மாதிரி ஓர் எண் வைத்திருந்தது, அது வார்-லிப்-டிபஸ் அடைவில் இன்னொரு மெஷின்-ஐடி கோப்பாக இருக்கும். இப்போது பெரும்பாலும் அது இடிசி கோப்புக்கு ஓர் இணைப்பு மட்டும்தான். எங்கள் மூல இமேஜில் அது தனிக் கோப்பாகவே கிடந்தது. செட்டப் கமாண்ட் முதலில் அங்கேதான் போய்ப் பார்க்கும், அங்கே செல்லுபடியாகும் எண் இருந்தால் அதையே நகலெடுக்கும். எதுவும் கிடைக்காத பட்சத்தில்தான் தற்போக்காக, அதாவது ரேண்டமாக, புது எண் உருவாக்கும்.

இரண்டு கோப்புகளையும் அழித்துவிட்டு ஓட்டினோம். தற்போக்கு எண் உருவாக்கியிலிருந்து எடுத்தேன் என்று அந்த வரி மாறி வந்தது, எண்ணும் மாறியது. பிறகு டி-பஸ் பக்கத்தில் இணைப்பை மட்டும் போட்டுவிட்டு ரீபூட் செய்தோம். எட்டு மணி ஆகிவிட்டது. தம்பி தட்டுவடை செட் வாங்கிவந்தான், கேரட் பீட்ரூட் தூக்கலாகப் போட்டு. அந்தக் கடைக்காரருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

மேலே போய் 24 பெட்டிக்கும் செய்து முடித்தாயிற்று. ஒவ்வொன்றிலும் செய்து, ரீபூட் செய்து, புது எண்ணின் கடைசி ஆறு எழுத்தை ஸ்டிக்கரில் எழுதிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டினார் டீச்சர்.

நடுவில் ஒரு பதற்றம். ஒரு பெட்டியில் பழைய லாக் எல்லாம் காணாமல் போய்விட்டது போலத் தெரிந்தது. போகவில்லை. ஜர்னல் (சிஸ்டம்டியின் லாக்) கோப்புகள் மெஷின்-ஐடியின் பெயரிலேயே ஒரு அடைவில் சேர்கின்றன. எண் மாறியதும் புது அடைவு தொடங்கிவிடுகிறது, லாக்கைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கமாண்டைச் சும்மா ஓட்டினால் இந்த எண்ணுக்குரியதை மட்டும் காட்டும். மெர்ஜ் என்ற விருப்பத்தைச் சேர்த்து ஓட்டினால் பழையதும் வந்துவிடுகிறது.

இமேஜோடு ஒட்டிக்கொண்டு வந்த இன்னொன்று எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகள், அதாவது வேறு கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே வருபவருக்குப் பெட்டி தன்னை அடையாளம் காட்டும் சாவிகள். 24 வீட்டுக்கும் ஒரே பூட்டு, ஒரே சாவி. ஒரு பெட்டியிலிருந்து அந்தச் சாவியை யாராவது எடுத்துவிட்டால் மற்ற எந்தப் பெட்டி மாதிரியும் நடிக்கலாம். பழைய சாவிகளை அழித்துவிட்டு எஸ்எஸ்ஹெச்-கீஜென் கமாண்டை ஏ விருப்பத்தோடு ஓட்டினால், இல்லாத சாவிகளை அதுவே உருவாக்கிக்கொள்ளும். நெட் பிரச்சினையாவது கண்ணுக்குத் தெரிந்து கத்தியது, இது சத்தமே போடாமல் வருடக்கணக்கில் கிடந்திருக்கும். எனக்கு இதுதான் அதிக பயத்தைக் கொடுத்தது.

ஜூன் 10, செவ்வாய்

மழை. கடையில் மூன்று தடவை கரண்ட் போனது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

ஜூன் 11, புதன்

மூல இமேஜைச் சரிசெய்தேன். இனி யாரும் மலையேறிப் போய் ஒவ்வொன்றாக அழிக்க வேண்டியதில்லை.

முறை இதுதான்: இமேஜ் எடுப்பதற்கு முன் இடிசியில் உள்ள கோப்பைக் காலி ஆக்க வேண்டும். அழித்துவிடக் கூடாது, உள்ளே எதுவும் இல்லாத வெறும் கோப்பாக இருக்க வேண்டும். கோப்பே இல்லாவிட்டால் சிஸ்டம்டி இதை முதல் பூட் என்று எடுத்துக்கொண்டு சேவைகளை அவற்றின் தொடக்க அமைப்புக்குக் கொண்டுபோக ஆரம்பிக்கும், நாம் வேண்டாம் என்று நிறுத்தி வைத்தவை மறுபடி எழுந்துகொள்ளலாம். காலிக் கோப்பாக இருந்தால் அந்தக் கலவரம் இல்லை, எண்ணை மட்டும் உருவாக்கி நிரப்பிக்கொள்ளும். டி-பஸ் பக்கம் இணைப்பு. எஸ்எஸ்ஹெச் சாவிகளை எடுத்துவிட்டு, முதல் தடவை ஏறும்போது உருவாக்கச் சின்னதாக ஒரு சேவை. சிஸ்டம்டி சேமித்து வைக்கும் ரேண்டம்-சீட் கோப்பையும் நீக்கிவிட்டேன், தற்போக்கு எண்களுக்கு விதையாக இருப்பது எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருப்பது நல்லதில்லை.

முக்கியமானது: காலி செய்தபின் மூலப் பெட்டியை மறுபடி பூட் செய்யவே கூடாது. செய்தால் அதுவே தனக்கு ஓர் எண் போட்டுக்கொள்ளும், பழைய கதை திரும்பும். அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி, வேறு பெட்டியில் மாட்டித்தான் இமேஜ் எடுத்தேன்.

ஜூன் 14, சனி

எந்தப் பெட்டி எப்போது அப்டேட் ஆனது என்று ஓர் இடத்தில் பதிவாக வேண்டும் என்று பள்ளி நிர்வாகத்தில் கேட்டார்கள். நியாயமான ஆசை. தம்பி உடனே, "அதான் இப்ப எல்லாத்துக்கும் தனி நம்பர் இருக்கே அண்ணா, அதையே அனுப்பிடலாம்" என்றான். வேண்டாம் என்றேன், கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

அந்தக் கோப்பின் கையேட்டிலேயே இந்த எண்ணை ரகசியமாகக் கருத வேண்டும், நம்பகமில்லாத இடங்களில், குறிப்பாக நெட்வொர்க்கில், வெளிக்காட்டக் கூடாது என்று எழுதியிருக்கிறது. மாறாத எண் என்பதால் நாலு மென்பொருள் அதை நாலு இடத்துக்கு அனுப்பினால், நாலு பட்டியலையும் சேர்த்துவைத்து இந்தப் பெட்டி என்னவெல்லாம் செய்கிறது என்று எடுத்துவிடலாம். பிள்ளைகள் உட்காரும் பெட்டி இது.

அதற்கு வழியும் இருக்கிறது. சிஸ்டம்டி-ஐடி128 என்று ஒரு கமாண்ட், 240ஆம் பதிப்பிலிருந்து வருகிறது. அதில் நியூ என்று கொடுத்து நம் பதிவேட்டுக்கென்று ஓர் எண்ணை ஒரே ஒரு தடவை உருவாக்கி எழுதி வைத்துக்கொண்டோம். பிறகு ஒவ்வொரு பெட்டியிலும் மெஷின்-ஐடி என்று கேட்டு, ஆப்-ஸ்பெசிஃபிக் என்ற விருப்பத்தில் அந்தப் பதிவேட்டு எண்ணைக் கொடுத்தால், இரண்டையும் ஹெச்மேக் என்ற ஒருவழிக் கணக்கு முறையில் கலந்து மூன்றாவது எண் ஒன்றைத் தருகிறது. எத்தனை தடவை கேட்டாலும் அந்தப் பெட்டியில் அதே எண், பக்கத்துப் பெட்டியில் வேறு எண், அதிலிருந்து மூல எண்ணைத் திரும்ப எடுக்க முடியாது. நாளைக்கு இன்னொரு பதிவேடு வந்தால் அதற்கென்று இன்னோர் எண். தம்பி மூன்று பெட்டியில் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தபின் ஒத்துக்கொண்டான்.

டீச்சருக்கு வேறு சந்தேகம்: ஒரு பெட்டியின் டிஸ்க்கைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால்? ரேஷன் கார்டு மாதிரி என்றேன். குடும்பம் வீடு மாறினால் கார்டும் கூடவே போகும், தனிக்குடித்தனம் போகிறவர்கள்தான் புதுக் கார்டு வாங்க வேண்டும். எண் நிறுவலுக்கு உரியது, இரும்புப் பெட்டிக்கு இல்லை. அதனால் பதிவேட்டில் பெட்டியின் சீரியல் எண்ணுக்குத் தனிப் பத்தி வைத்தோம், திரும்ப நிறுவினால் பழைய வரியை அழிக்காமல் முடிந்தது என்று குறித்துவிட்டுப் புது வரி தொடங்க வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

பள்ளிக்கு இன்னும் 6 பெட்டி வந்தது. புது இமேஜ். ஒன்றிலும் கை வைக்கவில்லை, இறக்கினோம், போட்டோம்.

ரவுட்டர் பட்டியலில் 30 வரி. டீச்சர் புது ஸ்டிக்கர்களை எழுதி ஒட்டிவிட்டு 30 பெட்டியையும் சுற்றி வந்து ஒருமுறை சத்தமாகப் படித்தார், தம்பி நோட்டில் டிக் அடித்தான். எல்லாம் வேறு வேறு. எட்டாவது பெட்டி ஸ்டிக்கரில் பூஜ்யத்தை ஓ என்று எழுதியிருந்தார், இந்த எண்ணில் எஃப்புக்கு மேல் எழுத்தே வராது என்று சொல்லித் திருத்தினோம்.